கரிசல் நிலமும் நெஞ்சுவலியின் முதல் மணியும்: தமிழகத்தில் அவசர இதய சிகிச்சை, அவசர ஊர்தி மருத்துவ உதவியாளர் பணி குறித்த வரலாற்று நோக்கு (நாகலாபுரம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

மாரடைப்புக்கான சிகிச்சை கடந்த 60 ஆண்டுகளில் மருத்துவமனைச் சுவர்களைக் கடந்து நோயாளியின் வீட்டுவாசல் வரை வந்துள்ளது. 1966இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தொடங்கிய இம்மாற்றம் தமிழகத்தில் 2008ஆம் ஆண்டின் 108 அவசர ஊர்திச் சேவை, 2012–2014 காலத்தில் நிகழ்ந்த தமிழ்நாடு எஸ்டெமி திட்டம், 2023இன் இதயம் காப்போம் திட்டம் ஆகிய மூன்று கட்டங்களாக வடிவம் பெற்றது. பெருமருத்துவமனைகளிலிருந்து தொலைவில் அமைந்த நாகலாபுரம் கரிசல் வட்டாரத்தின் நிலையிலிருந்து இவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஊர்தியின் வருகை சிகிச்சைக்கான வாய்ப்பை விரிவாக்கியது. ஆனால் வலி தோன்றுவதற்கும் முதல் உதவி நாடப்படுவதற்கும் இடைப்பட்ட காலத்தை அதனால் மட்டும் குறைக்க இயலவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: மாரடைப்பு, அவசர ஊர்தி, மருத்துவ உதவியாளர், 108 சேவை, எஸ்டெமி, கரிசல் வட்டாரம், நாகலாபுரம்.

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில் அமைந்துள்ள நாகலாபுரத்தை வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் 1799ஆம் ஆண்டின் பாளையக்காரர் போரோடு இணைத்தே அறிவர். கட்டபொம்மனின் அமைச்சராக விளங்கிய தானாபதிப் பிள்ளை தூக்கிலிடப்பட்ட இடம் அது. அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற இவ்வூரின் மருத்துவ வரலாறு எழுதப்படவில்லை. கரிசல் வட்டாரச் சிற்றூர்கள் பலவற்றின் நிலையும் இதுவே.

மழையை நம்பிய பயிர்த்தொழில், பருத்தியும் மிளகாயும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரிப் புஞ்சைகள், ஐப்பசி கார்த்திகை மழையில் காலை இழுத்துப் பிடிக்கும் களிமண், கோவில்பட்டி, சாத்தூர்ப் பகுதிகளின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள், வேலைக்கு வெளியூர் சென்ற பிள்ளைகள், வீட்டில் தனித்திருக்கும் முதியோர் என்பன இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். இத்தகைய நிலத்தில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி தோன்றினால், அவர் பிழைப்பது மருந்தைப் பொறுத்தது மட்டுமன்று. தொலைவையும் அறிதலையும் பொறுத்ததாகும். எனவே அவசர இதய சிகிச்சையின் வரலாற்றை மாநகர மருத்துவமனையின் வாயிலில் நின்று நோக்குவதைவிடச் சிற்றூரின் விலக்கில் நின்று நோக்குவது வேறு உண்மைகளைப் புலப்படுத்தும்.

சுமத்தலிலிருந்து சிகிச்சைக்கு

நோயாளியைத் தூக்கிச் செல்லுதல் தொன்மையான வழக்கம். கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துக் கட்டியோ, டோலி கட்டியோ, கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பியோ நோயாளியைக் கொண்டு சென்ற நினைவுகள் தென்மாவட்ட முதியோரிடம் இன்றும் உண்டு. நவீன அவசர ஊர்தி அமைப்பின் தொடக்கக் காலத்திலும் தமிழரின் உழைப்பு கலந்துள்ளது. தென்னாப்பிரிக்காவின் போயர் போரில் 1899 டிசம்பரில் காந்தியடிகள் திரட்டிய இந்திய அவசர உதவிப் படையில் ஏறத்தாழ 1,100 பேர் பணியாற்றினர். அவர்களுள் ஏறத்தாழ 800 பேர் நேட்டால் கரும்புத் தோட்டங்களைச் சார்ந்த ஒப்பந்தக் கூலிகள். அக்கூலிகளுள் தமிழர் பெருந்தொகையினர். காயமுற்ற வீரர்களைத் தோளில் சுமந்து பல மைல் நடந்த அப்பணியில் அவர்களுடைய கடமை சுமத்தலோடு முடிந்தது. சிகிச்சை என்பது சேருமிடத்தில்தான் தொடங்கியது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகெங்கும் இக்கருத்தே நிலவிற்று. அதனை மாற்றியவை மூன்று கண்டுபிடிப்புகள். முதலாவது, இதய மின்வரைவு. டச்சு நாட்டு லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1905இல் மருத்துவமனையில் இருந்த நோயாளியின் மின்வரைவைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஏறத்தாழ 1.5 கி.மீ. தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்தார். நோயாளி ஓரிடத்திலும் நோயறிபவர் வேறிடத்திலும் இருக்கலாம் என்னும் கருத்து அங்கேயே தோன்றிவிட்டது. இரண்டாவது, மின்னதிர்வு கொடுத்து இதயத் துடிப்பை மீட்டல். பால் சோல் 1956இல் நெஞ்சின் புறத்தே மின்னதிர்வு கொடுத்து இதனைச் செய்துகாட்டினார். 1962இல் பெர்னார்ட் லவுன் நேர்மின்னோட்டத்தைக் கையாண்டு பாதுகாப்பான முறையை உருவாக்கினார். மூன்றாவது, 1960இல் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோர் வெளியிட்ட நெஞ்சழுத்த முறை. இரு கைகளைத் தவிர வேறு கருவி வேண்டாத இம்முறையால், உயிர்மீட்பு மருத்துவரின் தனியுரிமை என்னும் நிலை மாறிற்று.

பெல்ஃபாஸ்டும் பிட்ஸ்பர்க்கும்

மாரடைப்பால் இறப்போரில் பெரும்பகுதியினர் மருத்துவமனையை அடையுமுன்பே இறக்கின்றனர் என்பதை உணர்ந்த ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், 1966 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையிலிருந்து நடமாடும் இதய சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். கார் மின்கலங்களால் இயங்கிய அவருடைய முதல் மின்னதிர்வுக் கருவி 70 கிலோ எடை கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அது ஏறத்தாழ 3 கிலோவாகக் குறைந்தது. அவரும் ஜான் கெடஸும் இணைந்து எழுதிய கட்டுரை 1967இல் லான்செட் இதழில் வெளிவந்தபின் இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது.

பெல்ஃபாஸ்ட் ஊர்தியில் மருத்துவர் சென்றார். மருத்துவரல்லாத பயிற்சியாளர் சென்றால் என்ன என்னும் வினாவை அமெரிக்கா எழுப்பியது. 1967இல் பிட்ஸ்பர்க் நகரில் பீட்டர் சாஃபர் வகுத்த பயிற்சியுடன் ஃபிரீடம் ஹவுஸ் என்னும் சேவை உருவாயிற்று. வேலையற்றோர் எனப் புறக்கணிக்கப்பட்ட கறுப்பினக் குடியிருப்பு இளைஞர்களே அதன் பணியாளர்கள். உயர்ந்த தரத்தில் இயங்கிய அச்சேவையை 1975இல் நகர நிர்வாகம் முடித்துத் தன் சேவையைத் தொடங்கியது. 1970இல் சியாட்டில் நகரின் மெடிக் ஒன் சேவை தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சியளித்தது. மருத்துவர் கையிலிருந்த அதிகாரத்தில் ஒரு பகுதி பயிற்சி பெற்ற பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டதே இவ்வரலாற்றின் திருப்புமுனை. எவ்வளவு அதிகாரம், யாருக்கு, எவ்வளவு பயிற்சிக்குப் பின் என்னும் வினாக்கள் தமிழகச் சூழலிலும் முதன்மை பெறுவன.

தமிழகத்தில் 108

ஆந்திரத் தலைநகராயிருந்த ஐதராபாத்தில் 2005 ஆகஸ்டு 15 அன்று அவசரகால மேலாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 108 சேவையைத் தொடங்கிற்று. தமிழக அரசு அந்நிறுவனத்துடன் இணைந்து 2008 செப்டம்பர் 15 அன்று இச்சேவையைத் தொடங்கியது. கட்டணமின்மை, ஒரே எண், ஒருங்கிணைந்த அழைப்பு மையம், ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் என்பன இதன் நான்கு தூண்கள். ஏழை நோயாளியின் குடும்பம் வாடகைக் காருக்குப் பணம் புரட்டும் நேரம் மிச்சமாயிற்று என்பதே சிற்றூர் நோக்கில் இதன் முதற்பயன்.

எனினும் இச்சேவையின் அன்றாட அனுபவம் பெரிதும் மகப்பேறு, சாலை விபத்து ஆகியவற்றால் வடிவமைக்கப்பட்டது. அவற்றில் நோய் கண்ணுக்குத் தெரிகிறது. அழைப்பதா வேண்டாவா என்னும் ஐயம் எழுவதில்லை. மாரடைப்பு அவ்வாறன்று. அதன் தொடக்க அறிகுறிகள் வேறு நோய்களின் அறிகுறிகளை ஒத்தவை. ஆதலால் ஊர்தி இருந்தும் அழைப்பு வராத நிலை இதய நோயில் மிகுதி.

2008இல் லான்செட் இதழில் வெளியான கிரியேட் பதிவேடு இதனை எண்களால் உணர்த்துகிறது. இந்தியாவின் 50 நகரங்களிலுள்ள 89 மையங்களில் 20,468 நோயாளிகளைப் பதிவுசெய்த அவ்வாய்வில், வலி தோன்றியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன இடைநிலைக் காலம் 360 நிமிடங்கள். மருத்துவமனையை அடைந்தபின் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து வழங்க ஆன காலம் 50 நிமிடங்கள். தாமதத்தின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தது என்பது தெளிவு. வறியோரிடையே 30 நாள் இறப்பு 8.2 விழுக்காடாகவும் செல்வரிடையே 5.5 விழுக்காடாகவும் இருந்தது. இப்பதிவேடு நகர மையங்களிலிருந்து தொகுக்கப்பட்டது என்பதைக் கருதினால், கரிசல் சிற்றூரின் நிலை இதனினும் கடினமானதாகவே இருத்தல் கூடும்.

தமிழ்நாடு எஸ்டெமி திட்டம்

இதயத் தமனி முழுமையாக அடைபடும்போது மின்வரைவில் எஸ்.டி. பகுதி உயர்ந்து காணப்படும். இவ்வகை மாரடைப்பைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே எஸ்டெமி. அடைப்பை நீக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனக்டபிளேஸ் போன்ற கரைப்பு மருந்துகள். 1986இல் வெளியான இத்தாலிய ஜிஸ்ஸி ஆய்வு 11,806 நோயாளிகளிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸின் பயனை நிறுவியது. மற்றொன்று, 1977இல் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குரூன்ட்சிக் தொடங்கிய ஆஞ்சியோபிளாஸ்டி. பின்னது சிறந்தது, ஆனால் அதற்குரிய கூடமும் வல்லுநரும் பெருநகரங்களில்தான் உள்ளனர். முன்னதைச் சிறுமருத்துவமனையிலும் வழங்கலாம்.

இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சியே தமிழ்நாடு எஸ்டெமி திட்டம். கோவையைச் சார்ந்த மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையைச் சார்ந்த மருத்துவர் அஜித் முல்லசாரி ஆகியோர் இதனை முன்னெடுத்தனர். ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெருமருத்துவமனை வண்டிச்சக்கரத்தின் குடம் போலவும், சுற்றியுள்ள சிறுமருத்துவமனைகள் ஆரக்கால்கள் போலவும் இணைக்கப்பட்டன. ஆரக்கால் மருத்துவமனையில் எடுக்கப்படும் மின்வரைவு மின்னணு வழியில் அனுப்பப்படும்; அங்கேயே கரைப்பு மருந்து வழங்கப்படும்; பின் 108 ஊர்தி நோயாளியைக் குட மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்; செலவை அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும். ஐந்தோவனின் 1905ஆம் ஆண்டுச் சோதனை ஒரு நூற்றாண்டுக்குப் பின் தமிழகத்தில் பொதுநலத் திட்டமாக உருப்பெற்றது எனலாம்.

இதன் முடிவுகள் 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியாயின. திட்டத்திற்கு முன் 898 பேர், பின் 1,522 பேர் என மொத்தம் 2,420 நோயாளிகள் ஆராயப்பட்டனர். ஆஞ்சியோகிராம் பெற்றோர் 35.0 விழுக்காட்டிலிருந்து 60.8 விழுக்காடாகவும், தமனி விரிப்பு சிகிச்சை பெற்றோர் 29.5 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாகவும் உயர்ந்தனர். ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. நூறு நோயாளிகளுக்கு மூன்று உயிர்களுக்கு மேல் காக்கப்பட்டன என்பது சிறிய செய்தியன்று.

அதே ஆய்வின் வேறிரு முடிவுகளும் உரிய கவனத்திற்குரியன. மருத்துவமனைக்குள் நிகழ்ந்த இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை (5.8, 5.6 விழுக்காடு). அடைப்பு நீக்கச் சிகிச்சை தொடங்க ஆன காலத்திலும் மாற்றமில்லை. அதாவது, திட்டம் நோயாளிக்குக் கதவைத் திறந்தது. அவர் கதவை விரைந்து வந்தடையச் செய்யவில்லை. ஓராண்டு இறப்பின் குறைவு பெரும்பாலும் பின்னர்க் கிட்டிய ஆஞ்சியோகிராம், தமனி விரிப்பு ஆகியவற்றோடு தொடர்புடையதாகக் கருதத்தக்கது. மேலும், ஆராயப்பட்ட 2,420 பேரில் பெண்கள் 386 பேர் மட்டுமே. அதாவது 16 விழுக்காட்டினர். பெண்களுக்கு மாரடைப்பு பிந்திய வயதில் வருவது இதற்கு ஒரு காரணம். களையெடுப்பிலும் தீப்பெட்டி ஆலையிலும் உழைக்கும் பெண்ணின் வலி மருத்துவமனையை அடையாமலே போவது மற்றொரு காரணமாகலாம். பெண்ணுக்கு மாரடைப்பு வலி நெஞ்சில் மட்டுமன்றி முதுகிலும் தாடையிலும் களைப்பாகவும் குமட்டலாகவும் வெளிப்படும்போது, அதை வேலைக் களைப்பெனக் கொள்ளும் வாய்ப்பு மிகுதி.

கரிசல் நிலத்தின் காலக்கணக்கு

1996இல் போயர்ஸ்மா குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, வலி தோன்றிய முதல் 1 மணி நேரத்துக்குள் கரைப்பு மருந்து வழங்கினால் 1,000 பேரில் கூடுதலாக 65 உயிர்கள் காக்கப்படுகின்றன. 2 முதல் 3 மணி நேரத்துக்குள் வழங்கினால் அவ்வெண்ணிக்கை 26 ஆகக் குறைகிறது. இக்கணக்கை நாகலாபுரத்தின் நிலவியலில் பொருத்திக் காணுதல் தகும்.

இவ்வட்டார நோயாளி சேரக்கூடிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மதுரை (1954), திருநெல்வேலி (1965), தூத்துக்குடி (2000), விருதுநகர் (2022) ஆகிய நகரங்களில் உள்ளன. தூத்துக்குடி நேர்க்கோட்டிலேயே 50 கி.மீ.க்குக் குறையாத தொலைவு. மதுரை அதனினும் தொலைவு. இடையில் விளாத்திகுளம், கோவில்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களின் மருத்துவமனைகள் உள்ளன. எனவே ஊர்தியில் ஏறியதும் எழும் முதல் வினா, அருகிலுள்ளதற்குச் செல்வதா, வசதியுள்ளதற்குச் செல்வதா என்பதாகும். அருகிலுள்ள மருத்துவமனையில் மின்வரைவும் கரைப்பு மருந்தும் உடனே கிடைக்குமாயின் அங்குச் செல்வதே உயிர்காக்கும். கிடைக்காதெனில் அந்நிறுத்தம் வீண் தாமதம்.

2013இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வு இதற்கு விடை தருகிறது. வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் வந்து, 1 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி பெற இயலாத 1,892 நோயாளிகளிடம், முதலில் கரைப்பு மருந்தும் பின்னர் ஆஞ்சியோகிராமும் என்னும் முறை நேரடி ஆஞ்சியோபிளாஸ்டிக்கு ஏறக்குறைய நிகரான பயன் தந்தது. மூளைக் குருதிக்கசிவு இம்முறையில் சற்று மிகுந்தமையால் முதியோருக்கு மருந்தளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. தொலைவிலுள்ள சிற்றூருக்கு இம்முறை இரண்டாந்தரச் சிகிச்சை அன்று. அறிவியல் அடிப்படையுள்ள முதல்வழி என்பது இதனால் உறுதிப்படுகிறது.

ஆயின் இக்கணக்கு முழுவதும் நோயாளி அழைத்த பின்னரே தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ள காலத்தை ஆள்வது மொழியும் பண்பாடும். நெஞ்சில் தோன்றும் இறுக்கத்தை ‘வாயுப் பிடிப்பு’ எனக் கொண்டு சோடா குடித்தலும், சுக்கு, ஓமம் முதலியவற்றைக் கொடுத்துப் பார்த்தலும், விடியட்டும் எனக் காத்திருத்தலும் பரவலான வழக்கங்கள். இவற்றை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. வாயுத் தொல்லை உண்மையிலேயே மிகுதியாக உள்ள நோய். பெரும்பாலான வலிகள் அத்தகையனவே. ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனை சென்று ‘ஒன்றுமில்லை’ எனக் கேட்டுத் திரும்பிய அனுபவமும் அடுத்த முறை தயங்கச் செய்யும். ‘நெஞ்சுவலி’ என்னும் சொல்லைவிட ‘நெஞ்சு பாரம்’, ‘நெஞ்சை அடைக்கிறது’ என மக்கள் கூறும் சொற்களைச் சுகாதாரப் பரப்புரைகள் கையாள வேண்டியதன் தேவை இங்குப் புலனாகிறது.

மருத்துவ உதவியாளரின் பணி

108 ஊர்தியின் மருத்துவ உதவியாளர் செவிலியப் படிப்போ உயிரியல் பட்டமோ பெற்றவர். தேர்வுக்குப்பின் சில வார வகுப்பறை, மருத்துவமனைப் பயிற்சி பெற்றுப் பணியில் சேர்பவர். 12 மணி நேரப் பணிமுறையில் இயங்குபவர். கரிசல் ஊர்களில் கதவிலக்கமும் தெருப்பெயரும் வழிகாட்டுவதில்லை. ‘விலக்கிலிருந்து கிழக்கே, ஊருணிக்கரை தாண்டி’ என்பன போன்ற குறிப்புகளே முகவரி. ஊர்தி வரும்வரை ஒருவர் விலக்கில் நின்று கைகாட்டுவது நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

நோயாளியை அடைந்ததும் அவரை நடக்கவிடாமல் தூக்குபடுக்கையில் ஏற்றுதல், நாடி, குருதியழுத்தம், குருதியின் உயிர்வளி அளவு ஆகியவற்றைக் கணித்தல், அழைப்பு மைய மருத்துவரிடம் தொலைபேசியில் அறிவுரை பெறுதல், இதயம் நின்றால் நெஞ்சழுத்தம் செய்து மின்னதிர்வுக் கருவியைக் கையாளுதல், சேரவேண்டிய மருத்துவமனைக்கு முன்னறிவித்தல் என்பன அவர் கடமைகள். ஓடும் ஊர்தியில், ஒரு கையால் கம்பியைப் பற்றி மறுகையால் நோயாளியைக் காக்கும் பணி அது. மருத்துவ அறிவு மாறுந்தோறும் பணிமுறையும் மாறவேண்டும். முன்னர் மாரடைப்பு நோயாளி அனைவருக்கும் உயிர்வளி கொடுப்பது விதியாக இருந்தது. 6,629 நோயாளிகளிடம் நிகழ்த்தப்பட்டு 2017இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு, உயிர்வளி அளவு இயல்பாக உள்ளோருக்கு அதனால் பயனில்லை எனக் காட்டிற்று. இத்தகைய மாற்றங்கள் கடைசி ஊர்தி வரை சென்றடையத் தொடர்பயிற்சி இன்றியமையாதது.

கரைப்பு மருந்தை ஊர்தியிலேயே வழங்கும் வழக்கம் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் தில்லியில் எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றி, செவிலியர் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்று மின்வரைவெடுத்துச் சிகிச்சை தொடங்கும் முயற்சியை மேற்கொண்டது. மாநகரின் நெரிசலுக்கென வகுக்கப்பட்ட இம்முறையின் உண்மையான தேவை தொலைவு மிகுந்த சிற்றூரில்தான் உள்ளது. அதற்குரிய பயிற்சியும் சட்டப் பாதுகாப்பும் ஊதியமும் பணியாளருக்கு வேண்டும். 2021ஆம் ஆண்டின் தேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் அவசர மருத்துவப் பணியாளரைத் தனித் தொழிற்பிரிவாக ஏற்றிருப்பது இவ்வகையில் முதற்படி. பிட்ஸ்பர்க்கின் வரலாறு இங்கு எச்சரிக்கையாகவும் அமைகிறது: திறன் பெற்ற பணியாளர் இருந்தாலும், அவர்க்குரிய ஏற்பு இல்லையேல் அமைப்பு நிலைக்காது.

பதினான்கு மாத்திரைகள்

1988இல் வெளியான ஐசிஸ்–2 ஆய்வு 17,187 நோயாளிகளிடம், விலை மலிந்த ஆஸ்பிரின் மாத்திரையே இறப்பைக் கால்பங்களவு குறைக்கிறது எனவும், ஸ்ட்ரெப்டோகைனேஸுடன் சேரும்போது பயன் கூடுகிறது எனவும் காட்டியது. இவ்வறிவு தமிழகச் சிற்றூரை முறையான திட்டமாக வந்தடைய 35 ஆண்டுகள் ஆயின. 2023இல் தொடங்கப்பட்ட இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகள் முதல் தவணையாக வழங்கப்படுகின்றன. சிகிச்சையின் தொடக்கப்புள்ளி நகரத்திலிருந்து கிராமச் செவிலியரின் மேசைக்கு இடம்பெயர்ந்தது என்பதே இதன் வரலாற்றுச் சிறப்பு. மாத்திரை வழங்குதலோடு நில்லாமல் உடனே மின்வரைவெடுத்தலும் ஊர்தியை அழைத்தலும் தொடரும்போதே இது முழுப்பயன் தரும். மாத்திரையால் சற்றுத் தணிந்த வலி, மேற்கொண்டு செல்லும் எண்ணத்தையும் தணித்துவிடக் கூடாது.

முழு இதயநிறுத்தத்தில் இத்திட்டமும் போதாது. நெஞ்சழுத்தமும் மின்னதிர்வும் கிட்டாத ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. எந்த ஊர்தியும் 5 நிமிடத்தில் அடைய முடியாத ஊரில், முதல் உயிர்மீட்பாளர் அண்டை வீட்டாரே. பள்ளிகளிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் நெஞ்சழுத்தப் பயிற்சி அளிப்பது கரிசல் வட்டாரத்திற்கு ஊர்தி அளவுக்கு இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. அவசர இதய சிகிச்சையின் வரலாறு, மருத்துவமனையிலிருந்து ஊர்திக்கும் ஊர்தியிலிருந்து சிற்றூர் நிலையத்திற்கும் சிகிச்சை இடம்பெயர்ந்த வரலாறாகும். ஒவ்வோர் இடப்பெயர்ச்சியிலும் மருத்துவரின் அதிகாரத்தில் ஒரு பகுதி மற்றொருவருக்குக் கையளிக்கப்பட்டுள்ளது. தமிழகத்தில் 108 சேவையும் எஸ்டெமி திட்டமும் காப்பீடும் இணைந்து வறியோருக்குச் சிகிச்சையின் கதவைத் திறந்தன. ஓராண்டு இறப்பின் குறைவு அதற்குச் சான்று. காலத் தாமதம் குறையாமை எஞ்சிய பணிக்குச் சான்று. அத்தாமதம் வலியை இன்னதென அறியாமையிலும், அருகிலுள்ள நிலையத்தில் மின்வரைவு கிட்டாமையிலும், ஊர்திப் பணியாளரின் வரையறுக்கப்பட்ட அதிகாரத்திலும் தங்கியுள்ளது.

இவற்றை மருத்துவப் புள்ளிவிவரம் மட்டும் விளக்காது. வலியைக் குறிக்கும் வட்டாரச் சொற்கள், நோயாளியைச் சுமந்த மரபுகள், ஊர்திப் பணியாளரின் வாய்மொழி அனுபவங்கள், மருத்துவமனையை அடையாத பெண்களின் கதைகள் ஆகியன தொகுக்கப்பட வேண்டும். அப்பணி மருத்துவத்துறைக்கு உரியது போலவே தமிழியல் ஆய்வாளருக்கும் உரியது. அவ்வாறு தொகுக்கப்படும்போது, தானாபதிப் பிள்ளையின் முடிவால் வரலாற்றில் அறியப்பட்ட நாகலாபுரம், விலக்கில் கைகாட்டி நின்று உயிர்காத்த எளியோரின் வரலாற்றாலும் அறியப்படும்.